தூங்க வைக்கும் தேர்வு

"அக்கா, தூங்க வச்சுட்டேன்! ரெண்டாவது பாட்டு முடியறதுக்குள்ள!"

வாலு டீச்சர் தேர்வு அறையிலிருந்து துள்ளிக்கொண்டு வந்தாள். முகமெல்லாம் பல்.

மழலையர் பள்ளியில் வேலை பார்த்துக்கொண்டே படிக்கிறவர்களுக்கான சனிக்கிழமைப் பயிற்சி அது. இன்று தாலாட்டுக்குச் செய்முறைத் தேர்வு.

"நீயா? போன தேர்வுல உன் பாட்டைப் பாதியிலயே நிறுத்தச் சொன்னாங்களே!" என்றாள் சீனியர் டீச்சர்.

"இப்போ குறட்டையே வருது. வந்து பாருங்க!"

வராந்தாவில் காத்திருந்த டீச்சர்கள் எல்லோரும் செருப்பைக் கழற்றிவிட்டுப் பூனைபோல உள்ளே போனார்கள். ஒருத்தி மின்விசிறியின் வேகத்தைக் குறைத்தாள். இன்னொருத்தி திரைச்சீலையை இழுத்துவிட்டாள். சீனியர் டீச்சர் தன் சால்வையை எடுத்துப் பதமாகப் போர்த்திவிட்டாள்.

"எழுப்பட்டுமாக்கா?"

அத்தனை பேரும் ஒரே நேரத்தில் உதட்டில் விரல் வைத்தார்கள்.

"ஷ்ஷ்! தூங்க வைக்கத்தான்டி நாம படாதபாடு படறோம். யாராவது எழுப்புவாங்களா?"

"அதுக்கில்லக்கா..." வாலு டீச்சர் சிரிப்பை அடக்கிக்கொண்டு கிசுகிசுத்தாள். "எழுந்தாத்தானே எனக்கு மார்க் போடுவாங்க?"

நாற்காலியில் சாய்ந்தபடி தேர்வாளர் அம்மா நிம்மதியாகக் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார்.

தூங்க வைக்கச் சொல்லி அவர் கொடுத்திருந்த பொம்மை மட்டும், மேஜைமேல் கண்ணை அகல விழித்துக்கொண்டிருந்தது.