வரைந்த கண்கள்

திருநெல்வேலிச் சீமையிலிருந்து ரங்கூனுக்குக் கப்பலேறி, அங்கே போதகராகவும் இறையியல் கல்லூரிப் பேராசிரியராகவும் இருந்த சுவாமிதாஸ் ஐயா, வாழ்நாளில் ஒரே ஒரு முறைதான் புகைப்படத்துக்கு உட்கார்ந்தார். அசையாமல் இருக்கச் சொன்னதும் வழக்கம்போலக் கண்ணை மூடி ஜெபிக்கத் தொடங்கிவிட்டார். மறுபடி எடுப்பதற்குள் காய்ச்சலில் போய்ச் சேர்ந்தார். புகைப்படக்காரர் அந்த மூடிய இமைகளின் மேலேயே இரண்டு கண்களை வரைந்து, படத்தை அவர் மனைவி ஞானப்பூவிடம் கொடுத்தார்.

அடக்கத்துக்குப் பிறகு கல்லூரியிலிருந்து ஓர் இளைய போதகர் வந்தார். ஐயாவின் அங்கியையும் புத்தகங்களையும் அவளே எடுத்துக் கொடுத்தாள். அவர் சுவரில் மாட்டியிருந்த படத்தைப் பார்த்தார்.

“படத்தையும் குடுத்துருங்கம்மா. அது ஐயாவோட கண்ணு இல்ல. மையைச் சுரண்டிட்டா ஜெபிக்கிற முகம் வந்துரும். காலேஜ் ஹால்ல மாட்டணும்.”

“அந்த முகத்தை முப்பது வருசமாப் பாத்தாச்சு” என்றாள் ஞானப்பூ. “சோறு வைக்கும்போதும் அதுதான். எம்பிள்ள செத்துக் கெடக்கும்போதும் அதுதான்.”

“அம்மா, அவரு பெரிய பக்திமான்.”

“இருந்துட்டுப் போகட்டும்.” படத்தைக் காட்டினாள். “இவருதான் என்னை நிமிந்து பாக்காரு. இவரு இங்கயே இருக்கட்டும்.”

படத்துக்கு நேர் எதிரே போய் நின்று, கலைந்திருந்த முன்தலை முடியை ஒதுக்கிக்கொண்டாள்.