ஏழு மணிக் கட்டம்

ஏழு மணி சைகைச் செய்தியைத் தூக்கி மதியம் இரண்டு மணிக்குப் போட்டுவிட்டார்கள்.

மக்கள் வரிப்பணத்தில் நடக்கும் தொலைக்காட்சி. அதில் காது கேளாதவர்களுக்கென்று இருந்தது அந்த அரை மணி நேரம்தான். அதற்கும் வந்தது வினை.

"நானா தூக்கினேன்? சர்வே தூக்கிச்சு" என்றார் இயக்குநர். "ஊர் பூரா போன் போட்டு விசாரிச்சாச்சு. சைகைச் செய்தி பாக்குறோம்னு ஒரு வீட்டுலகூடச் சொல்லலை."

அந்த இடம் விளையாட்டுப் பிரிவுத் தலைவருக்குப் போனது. அலுவலகத்தில் அவருக்கு 'விசில்' என்று பெயர். வாயைத் திறந்தால் மூன்று மாடிக்குக் கேட்கும். ஏழு மணி வேண்டும் என்று வருஷக்கணக்காக நச்சரித்தவர். கிடைத்த அன்று மாடி முழுக்க டீ வாங்கிக் கொடுத்தார்.

சைகைச் செய்தி சொல்லும் பெண் மட்டும் கப்பைத் தொடவில்லை.

"ஏம்மா, கோபமா?" என்றார் விசில்.

"கோபப்பட்டு என்ன சார் ஆகப் போகுது? எங்க அக்காவுக்குத் தையல் கம்பெனியில வேலை. மாமாவுக்கு அச்சகத்துல. ரெண்டு பேருக்கும் காது கேக்காது. மதியம் ரெண்டு மணிக்கு எந்த முதலாளி டி.வி. போட்டுக் காட்டுவான்? போன மழையில தெருவுக்குத் தண்ணி வரப் போகுதுன்னு மைக்ல கத்திட்டுப் போனாங்க. ஊரே கேட்டுச்சு. அவங்களுக்கு ஏழு மணிக்கு நான் சொன்ன பிறகுதான் தெரிஞ்சுது. அப்புறம்தான் குழந்தையைத் தூக்கிட்டு மாடிக்கு ஏறினாங்க."

"அப்படின்னா சர்வேக்காரன் போன் பண்ணப்ப உங்க அக்கா 'பாக்குறோம்'னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?"

அவள் அவரை ஏற இறங்கப் பார்த்தாள்.

"போனை எடுத்து அவ எதைக் கேட்டு என்னத்தைச் சொல்லுவா சார்?"

சுற்றி நின்றவர்கள் டீயை உறிஞ்சுவதை நிறுத்தினார்கள். விசில் கையிலிருந்த கப்பைக் கீழே வைத்தார். விறுவிறுவென்று போய்விட்டார்.

"உறைக்கவா போகுது? எருமைத்தோல்" என்றார் கேமராக்காரர்.

அவள் அட்டவணை அதிகாரியிடம் ஓடினாள். எந்த நிகழ்ச்சி எந்த நேரம் என்று கட்டம் போடுகிறவர் அவர்தான். விஷயத்தைக் கேட்டதும் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"அடி முட்டாள்தனம்! இத்தனை பேர் உக்காந்து யோசிச்சோம், ஒருத்தனுக்கும் தோணலை பாரு."

"அப்ப மாத்துங்க சார்."

"எங்கேம்மா மாத்துறது? மூணு மாசத்துக்கு அட்டவணை வெளியாயிடுச்சு. ஆறு மணி குழந்தைங்களுக்கு. ஆறரை விவசாயிகளுக்கு. ஏழரை பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளைங்களுக்கு. எட்டு மணி எல்லாருக்கும். இதுல யாரைக் கிளப்புறது?"

"விசிலைக் கிளப்புங்க."

"அவர் கைக்குப் போனது திரும்பி வந்து நீ பார்த்திருக்கியா?"

அந்த நேரம் பார்த்து இயக்குநர் அறையிலிருந்து சத்தம். கதவு சாத்தியிருந்தும் காதைப் பிளந்தது. மேஜையைக் குத்தும் ஓசை வேறு.

"ஏழு மணி... அரை மணி... ஏன் சார் முடியாது?"

"பாத்தியா? பத்தலையாம். இன்னொரு அரை மணி கேக்குறார்" என்றார் அட்டவணை அதிகாரி.

"அடுத்தவங்க தட்டுலேர்ந்து பிடுங்கித் தின்னும் பசி அடங்கலை, பாருங்க" என்றாள் அவள்.

திங்கட்கிழமை திருத்திய அட்டவணையை ஒட்டினார்கள். ஏழு மணிக்குச் சைகைச் செய்தி. இரண்டு மணிக்கு விளையாட்டு.

அவளுக்குக் கால் தரையில் பாவவில்லை. படிக்கட்டில் விசில் எதிரே வந்தார். அவள் ஒதுங்கவில்லை.

"என்ன சார், ஏழு மணி போச்சா?"

"போச்சும்மா. சந்தோஷம்தானே உனக்கு?"

"ரொம்ப!" அழுத்திச் சொன்னாள்.

"சரி, சரி" என்று முணுமுணுத்தபடி இறங்கிப் போனார்.

நேராக இயக்குநர் அறைக்குப் போனாள்.

"ரொம்ப நன்றி சார். அந்த மனுஷன்கிட்டேருந்து பிடுங்கிக் கொடுக்க உங்களுக்குத்தான் தைரியம் வந்துச்சு."

இயக்குநர் கண்ணாடியைக் கழற்றினார்.

"நான் எங்கேம்மா பிடுங்கினேன்? முடியாதுன்னுதான் சொன்னேன். வெளியான அட்டவணையை மாத்தினா மேலிடத்துக்கு யார் பதில் சொல்றது? வந்தவர் விட்டாத்தானே! மேஜையை உடைக்காத குறை. 'காது கேக்காதவங்களைப் போன்ல விசாரிச்சுட்டு, பாக்க ஆளே இல்லைங்குறோம். வெட்கமா இல்லையா நமக்கு? கூட்டம் சேரலைன்னா எடுத்துடறதுக்கு இது என்ன சினிமாக் கொட்டகையா?'ன்னு ஒரே பிடி. மேலிடத்துக்குத் தானே பதில் சொல்லிக்கிறதா கையெழுத்தும் போட்டுக் கொடுத்துட்டார்."

அவளுக்குக் கண் கலங்கியது.

"'ரெண்டு மணிக்கு விளையாட்டைப் போட்டா எவன் பாப்பான்?'னு கேட்டேன். 'நான் ஒருத்தன் பாக்குறேன், போடுங்க'ன்னுட்டார்."

"யார் சார் அது? அட்டவணை சாரா?"

"அவருக்கு ஏதும்மா அவ்வளவு தொண்டை?" என்றார் இயக்குநர். "விசில்."