மேடத்துக்கு ரெட் வைன்

"ரெண்டு திராட்சை கலந்த ரெட் வைன், மேடம். காபர்னே துவர்க்கும், மெர்லோ அதைச் சாந்தப்படுத்தும்," என்று பணிவாக ஊற்றினான் வேடியப்பன்.

"தொட்டுக்க இன்னாப்பா?" மேடம் அதட்டினாள்.

"ஆட்டுக்கறி வறுவல், மேடம். மீன் சேராது."

வறுவலும் வந்தது. ருசித்துத் தின்றுவிட்டு மேடம் உதட்டைப் பிதுக்கினாள். "சரியில்ல. மொதல்லேர்ந்து சொல்லு."

"எத்தினி தபாடி சொல்றது, இருசம்மா? நாளைக்கு மெட்ராஸ் ஓட்டல்ல வெயிட்டர் வேலைக்கு இதத்தான் கேப்பாங்க. எங்க தப்புன்னாவது சொல்லேன்!"

தப்பு எங்கேயும் இல்லை. டம்ளரில் இருந்ததும் பீட்ரூட் தண்ணீர்தான். ஆனால் கல்யாணமான நாளிலிருந்து இந்தச் சங்கராபுரத்து வீட்டில் அவன் உட்கார்ந்து சாப்பிட, அவள்தான் நின்று பரிமாறியிருக்கிறாள்.

"இன்னும் கொஞ்சம் குனியணும்," என்றாள் இருசம்மாள். "கறியும் இன்னும் ரெண்டு துண்டு வைப்பா."