முதல் கல்

“நான் கொழுந்து பறிக்கப் போறேன்ணே. எல்லை போட வர்ற ஐயாகிட்ட நீங்களே பேசிடுங்க” என்று சொல்லி, தன் சார்பில் கையெழுத்து வைக்க இருதயம்மா எனக்கு அதிகாரக் கடிதம் எழுதிக் கொடுத்திருந்தாள். தேயிலைத் தோட்டத்து லய அறையை விட்டு வெளியேற அவள் மலைச்சரிவில் வாங்கிய ஏழு பேர்ச் துண்டுக் காணி அது. பதுளை பஜாரில் முப்பது வருடம் துணி விற்றவனுக்குப் பேசவா தெரியாது?

திட்டமிடல் அதிகாரி மதுரன் வரைபடத்தை விரித்தார். “நகர எல்லை இந்தக் காணிக்கு மேல் பக்கத்தால போகுது. காணி உள்ளுக்குத்தான் வருது, ஐயா.”

முதலில் சொன்னதை ஒப்புக்கொள்வது எங்கள் தொழிலில் அவமானம். உள்ளே போனால் நகர வரி வேறு கட்ட வேண்டும்.

“கொஞ்சம் கீழ இறக்குங்க சேர். காணி வெளியவே இருக்கட்டும்.”

“உண்மையாவோ?”

விலையைக் குறைக்கும் முன் எல்லாரும் அப்படித்தான் முகத்தை வைப்பார்கள்.

“ஏழைப் பொம்பள சேர், பார்த்துச் செய்யுங்க.”

“வெளியில எண்டால் என்னெண்டு தெரியும்தானே?”

“யாவாரிக்கா தெரியாது?”

அவர் பெருமூச்சுடன் கையெழுத்து வாங்கினார். எல்லைக் கல்லைக் காணிக்குக் கீழே நட்டார்கள். ஐந்தே நிமிடப் பேரம்! மீசையைத் தடவிக்கொண்டேன்.

பிறகு கல்லருகே பலகை அடித்தார்கள்: ‘நகர எல்லை. இதற்கு மேலே வீடு கட்டத் தடை.’

“சேர், பழைய இடத்துலயே போட்டுருங்க...”

“கையெழுத்து வச்சிட்டியள். இனி ஏலாது.” ஜீப் புறப்பட்டது.

கொழுந்துக் கூடையோடு இருதயம்மா மூச்சிரைக்க ஏறி வந்தாள்.

“பேசிட்டீங்களாண்ணே? பசறையிலருந்து சிமெந்து வந்திருச்சு. வீட்டுக்கு முதல் கல்ல நீங்கதான் வைக்கணும்.”

நான் எல்லைக் கல்லைப் பார்த்தேன். அதை வைத்துவிட்டுத்தான் நின்றுகொண்டிருந்தேன்.