கடவுளுக்குத் தூக்கம் கொடுத்தவள்

எழுத்தாளர் மேல் திருட்டுப் புகார் வந்திருந்தது.

அவருடைய மாயாஜால நாவலுக்குப் பரிசு அறிவித்து, மாலையில் விழா. அழைப்பிதழ்கூட ஊரெல்லாம் போயாயிற்று. இந்த நேரம் பார்த்து யாரோ ஒரு புண்ணியவான் பரிசுக் குழுவுக்கு மெயில் தட்டிவிட்டான். கதையின் உயிர்நாடியே பழைய புராணத்திலிருந்து சுட்டதாம். சொந்தச் சரக்கே இல்லையாம். போன வாரமே வந்த புகாருக்கு, விழா அன்று காலையில்தான் இவரைக் கூப்பிட்டார்கள்.

மனைவியும் கூடவே வந்தார். ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை. அரை நாள் லீவு போட்டுவிட்டு, விழாவுக்கென்று வாங்கிய புதுச் செருப்பு கடிக்க, நொண்டிக்கொண்டே படியேறினார்.

குழுத் தலைவி, புராணங்களைப் பாடம் நடத்தி ஓய்வுபெற்ற பேராசிரியை. உட்காரச் சொல்லிவிட்டுப் புகாரை வாசித்துக் காட்டினார்.

எழுத்தாளருக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது. ஆமாம், புராணத்தில் இருந்துதான் எடுத்தேன், அதுக்கென்ன என்று ஆரம்பித்தார். புராணம் யார் அப்பன் வீட்டுச் சொத்து? மாயாஜாலம் எழுதுகிறவன் எவன் அங்கே கை வைக்காமல் எழுதினான்? அதையெல்லாம் யாரிடம் போய் அனுமதி கேட்பது? நிறுத்தாமல் பொரிந்து தள்ளினார். மனைவி தண்ணீர் பாட்டிலைத் திறந்து அவர் பக்கம் நகர்த்தி வைத்தார்.

எல்லாம் அடங்கிய பிறகு, தலைவி அந்தப் புராணக் கதையை ஒரு தடவை சொல்லச் சொன்னார்.

சொன்னார். கடவுள் உலகத்தைப் படைத்து, எல்லா உயிருக்கும் தூக்கத்தைப் பங்குபோட்டுக் கொடுத்துவிட்டு வந்து படுக்கிறார். தூக்கம் வரவில்லை. தனக்கென்று எடுத்துவைக்க மறந்துவிட்டார். ஒரு கைக்குழந்தைக்காரி பாவம் பார்த்து, காலையில் திருப்பிக் கொடுத்துவிடு என்று தன் தூக்கத்தை எடுத்துக் கொடுக்கிறாள். கடவுள் தூங்கினார், தூங்கினார், எழுந்திருக்கவே இல்லை. அவரை எழுப்ப அவள் குழந்தையோடு கிளம்புகிறாள். அந்தப் பயணம்தான் நாவல்.

"எந்தப் புராணம் சார் அது?"

எழுத்தாளர் தடுமாறினார். பேர் ஞாபகமில்லை. மகள் கைக்குழந்தையாக இருந்தபோது மனைவி எங்கேயோ படித்ததாகச் சொன்ன கதை. புராணம்தானே என்று தேடிப் பார்க்கவில்லை.

தலைவி சிரித்துவிட்டார். "ஒரு வாரமா நான் தேடிப் பார்த்துட்டேன் சார். தெரிஞ்ச அறிஞர்களையும் கேட்டுட்டேன். எந்த நாட்டுப் புராணத்துலயும் இப்படி ஒரு கதை கிடையாது. தன்னடக்கத்துக்கும் ஒரு அளவு வேணாமா? இது முழுக்க உங்க சொந்தக் கற்பனை. புகாரைத் தள்ளியாச்சு, சாயங்காலம் வந்து பரிசை வாங்கிக்கோங்க."

எழுத்தாளருக்குத் தூக்கிவாரிப் போட்டது. மெல்லத் திரும்பி மனைவியைப் பார்த்தார். அவர் தலையைக் குனிந்து செருப்பு கடித்த இடத்தைத் தடவிக்கொண்டிருந்தார்.

அப்போதுதான் உறைத்தது. விடிய விடிய அழுத குழந்தை. எழுத்து ஓடவில்லை என்று இவர் தனி அறையில் கதவைச் சாத்திக்கொண்டு தூங்கிய வருஷம். ஒரு நாள் குழந்தைத் துணிகளை மடித்துக்கொண்டே இவள் அந்தக் கதையைச் சொன்னாள். கேட்டதும் புல்லரித்து, அன்றைக்கே எழுத உட்கார்ந்தார். யாருடைய தூக்கத்தைப் பற்றி எழுதுகிறோம் என்று அவருக்குத் தோன்றவே இல்லை.

பேசாமல் இருந்திருந்தால் பரிசு அவருக்குத்தான். தலைவி வாழ்த்துச் சொல்லக் கையைக்கூட நீட்டிவிட்டார்.

"என் கற்பனை இல்லை மேடம்." மனைவியைக் காட்டினார். "இவளோடது. எனக்கே இப்பத்தான் தெரியும். பரிசை எனக்குக் கொடுக்காதீங்க."

தலைவி நீட்டிய கையை இழுத்துக்கொண்டார். மனைவியின் பக்கம் திரும்பி, இவ்வளவு நல்ல கதையைப் போய் ஏம்மா புராணம்னு சொன்னீங்க என்று கேட்டார்.

மனைவியிடம் கோபமும் இல்லை, அழுகையும் இல்லை. பரிசோதனை முடிவைச் சொல்கிற மாதிரி சொன்னார்.

"நான் யோசிச்சதுன்னு சொல்லியிருந்தா, இவர் கடைசி வரைக்கும் கேட்டிருக்க மாட்டாரு மேடம்."