அணு போச்சோர்

முப்பத்திரண்டு பேர் கையெழுத்துப் போட்டார்கள். கூட்டத்துக்கு ஒருத்தர்கூட வரவில்லை.

மெர்சிங் பக்கத்துக் கிராமத்து மண்டபத்தில் கெர்ட்ரூட் இடம் பிடித்து வைத்திருந்தாள். ஒரு நாற்காலி மேல் கைப்பை, ஒன்றின் மேல் குடை, ஒன்றின் மேல் கணவன் செபஸ்தியன்.

"அக்கா, உங்க கம்பத்துலேர்ந்து வேற யாரு வந்திருக்காங்க?" என்று கேட்டாள் ஷாமளா. அணுமின் நிலையம் வேண்டுமா, வேண்டாமா என்று ஊர் ஊராகப் போய்க் கேட்டு எழுதுகிற குழுவோடு ஜொகூர் பாருவிலிருந்து வந்தவள்.

"நாங்க ரெண்டு பேருதான்."

"அப்ப ரெண்டுன்னே எழுதிக்கிறேன், என்ன?"

கெர்ட்ரூட்டுக்கு அழுகையே வந்துவிட்டது.

இத்தனைக்கும் மெர்சிங்குக்கு அணு உலை வருகிறது என்று யாரும் சொல்லவில்லை. வரலாம் என்று ஒரு பேச்சு. அந்தப் பேச்சு போதாதா? ஒரு வாரமாக அவளுக்கு ஒரே கனவு. கடல் முழுக்க உலைத்தண்ணி மாதிரி கொதிக்கிறது. மீனெல்லாம் அரிசி மாதிரி மேலே வந்து புரளுகிறது. கரையில் யாரோ தாலாட்டுகிற குரலில், "எல்லாரும் கெளம்புங்க... எல்லாரும் கெளம்புங்க..." என்கிறார்கள். இவள் எதை எடுப்பது, எதை விடுவது என்று தெரியாமல் நடுவீட்டில் நின்றுகொண்டே இருக்கிறாள்.

அவள் பிறந்து வளர்ந்த பாலோ தோட்டத்தை விற்றபோது நிஜமாகவே அப்படித்தான் கிளம்பச் சொன்னார்கள். அப்போது அவளுக்குப் பதினாறு வயசு. இன்னொரு தடவை ஊரை விட்டுக் கிளம்பச் சொன்னால் செத்தே போய்விடுவாள்.

அதனால்தான் போன வாரம் ஒரு நோட்டுப் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு வீடு வீடாக ஏறினாள். அக்கம்பக்கம் எல்லாம் மலாய்க்காரர்கள். அணுவுக்கு மலாயில் என்ன வார்த்தை? அவசரத்துக்கு நாக்கில் வந்தால்தானே!

"அணு போச்சோர்! பஹாயா லா!" என்று அடித்துவிட்டாள். போச்சோர் என்றால் ஒழுகுவது, பஹாயா என்றால் ஆபத்து. அணு என்றால் அணுதானே!

சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்குக் கட்டாயம் வரணும் என்று கையைப் பிடித்துக் கெஞ்சினாள். பக்கத்து வீட்டு ரோஸ் அக்கா, மலாயில் காக் ரோஸ், கண்கலங்கிப்போய் முதல் கையெழுத்தைப் போட்டாள்.

அவளும்தான் வரவில்லை!

கூட்டம் முடிந்து இருவரும் நடந்தார்கள். மழைக்காலத்து மூட்டம் கடலிலிருந்து ஏறிவந்து தெருவையே மூடியிருந்தது. வேலி, தென்னை, வீடு எதுவும் தெரியவில்லை. நடக்கிறோமா மிதக்கிறோமா என்றிருந்தது கெர்ட்ரூட்டுக்கு.

"நான் அப்பவே சொன்னேன். கையெழுத்துப் போட காசா, பணமா?" என்றான் செபஸ்தியன்.

"இனிமே அந்த காக் ரோஸ் மூஞ்சியில முழிச்சேன்னா பாருங்க! அவ மக கல்யாணத்துக்கு மூணு நாளு வெங்காயம் உரிச்சேன். நன்றி கெட்ட ஜென்மங்க! நாளைக்கு ஒண்ணுன்னா இவங்களா வந்து நிப்பாங்க?"

வழி நெடுக இதே பாட்டு. திடீரென்று நின்றாள்.

டக். டக். டக்.

"என்னங்க... உங்களுக்கும் கேக்குதா?"

"கேக்குது. நம்ம வீட்டுப் பக்கம்தான்."

மூட்டம் லேசாகக் கலைந்தது. அவர்கள் வீட்டுக் கூரைமேல் ஏழெட்டு ஆண்கள் மேகத்தில் உட்கார்ந்த மாதிரி உட்கார்ந்து ஆணி அடித்துக்கொண்டிருந்தார்கள். கீழே சிலர் தகரத்தைத் தூக்கிக் கொடுத்தார்கள். வாசல் முழுக்க பெண்கள். பெரிய கெண்டியில் தேத்தண்ணி, தட்டில் பொரித்த வாழைப்பழம்.

இதுவும் கனவா என்று கெர்ட்ரூட் தன் கையைக் கிள்ளிப் பார்த்தாள்.

காக் ரோஸ் ஓடிவந்து மலாயில் பொரிந்து தள்ளினாள். "எங்க போயிட்ட நீ? பாரு, உன் 'அனு' இனிமே ஒழுகாது!"

"என் எது?"

செபஸ்தியன் ஒரு நிமிஷம் விழித்தான். அப்புறம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான்.

"அலமாக்! அடியேய், மலாய்ல 'அனு'ன்னா என்னா? பேரு வாயில வராட்டி, இல்ல சொல்ல வெக்கப்பட்டா, 'அது... அது'ன்னு இழுப்போமே, அதுதான்டி! நீ வீடு வீடா போயி, 'எங்க வீட்டு அது ஒழுகுது, ஆபத்து'ன்னு சொல்லி கையெழுத்து வாங்கியிருக்க!"

கெர்ட்ரூட்டுக்கு முகமெல்லாம் சுட்டது.

"நானும் ரெண்டு வருஷமா பாக்குறேன்," என்றாள் காக் ரோஸ். "மழை வந்தா உன் வீட்டுக்குள்ள வாளி வைக்கிற சத்தம் எனக்குக் கேக்காதா? நீயா வாயத் தெறந்து கேக்கட்டும்னு இருந்தோம். அன்னைக்குக் கூரைன்னுகூட சொல்ல முடியாம நின்னியே, மனசே கேக்கல. வீட்டுக்கு வீடு இருந்த தகரத்தக் கொண்டாந்துட்டோம்."

கெர்ட்ரூட் அப்படியே அவளைக் கட்டிக்கொண்டு அழுதாள். திட்டியதை மறைக்கவும் தெரியவில்லை அவளுக்கு.

"மன்னிச்சுக்கங்க காக். அங்க மண்டபத்துல நான் காத்துக்கெடந்தேன். சொல்லியும் ஒருத்தரும் வரலியேன்னு, வழியெல்லாம் உங்களத் திட்டிக்கிட்டே வந்தேன்."

"வரலியா?" காக் ரோஸ் இடுப்பில் கை வைத்தாள். "சொன்ன மாதிரி ஒம்பது மணிக்கு முப்பத்திரண்டு பேரும் வந்தாச்சு. நீதான் வரல!"