வீட்டில் சொல்லாத வேலை

"பல் டாக்டர்கிட்ட இருக்கேன்மா. ஒரே கூட்டம். அப்புறம் பேசுறேன்."

மனைவியிடம் பொய் சொல்லிவிட்டுப் போனை வைத்தார் கணக்கு வாத்தியார். தெருவின் இரண்டு பக்கமும் பார்த்தார். ஊரின் இந்தக் கோடிக்குத் தெரிந்தவர்கள் யாரும் வர மாட்டார்கள். அதற்காகவே தேடிப்பிடித்து வந்த இடம்.

"வீட்டுக்குத் தெரியாமத்தானே சார்?" என்று கேட்டுக்கொண்டே ஷெட்டுக்குள்ளிருந்து மெக்கானிக் வந்தார்.

"தெரிஞ்சா தொலைஞ்சேன். இந்த டப்பாவுக்கு இனிமே ஒரு பைசா செலவு பண்ணக் கூடாதுன்னு உத்தரவு."

டப்பா என்று அவர் திட்டியது, வாசலில் நின்ற சின்ன வெள்ளைக் காரை. மாமனார் வீடு மலைமேல் இருக்கிறது. போகும்போதெல்லாம் அந்த மேட்டில் மச்சான் ஹாரன் அடித்து, கையையும் ஆட்டிவிட்டு முந்திக்கொண்டு போய்விடுவான்.

போன வாரம் ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பும்போது மாமனாரே பாதி மேட்டில் இறங்கி, மகன் வண்டிக்கு மாறிக்கொண்டார். "தப்பா நினைக்காதீங்க மாப்பிள்ளை, இருட்டுறதுக்குள்ள வீடு போய்ச் சேரணும்" என்று சமாதானம் வேறு. அன்று போன தூக்கம் வாத்தியாருக்கு இன்னும் திரும்பி வரவில்லை.

அவர் ஓட்டுவதில் யாரும் குறை சொல்ல முடியாது. வளைவுக்கு வளைவு பிரேக் பிடிப்பார், லாரியைக் கண்டால் ஒதுங்கி வழிவிடுவார். ஆகவே குற்றம் இன்ஜினுடையதுதான். மனைவி ஓட்டும்போது வண்டி மேட்டில் எப்படி ஏறுகிறது என்று அவருக்குத் தெரியாது. கண்ணை இறுக மூடிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்.

"பெரிய இன்ஜினாப் போட்டுடலாம் சார். வெளியில இருந்து பார்த்தா ஒண்ணும் தெரியாது. கொஞ்ச நாள் வண்டி இங்க நிக்கணும். வீட்ல கிளட்ச் வேலைன்னு சொல்லிக்குங்க."

வாத்தியார் யோசித்தார். நம்புவாள். போன வருஷம் கிளட்ச் வேலைக்கு அவளேதான் வண்டியைக் கொண்டுபோய் விட்டாள். அப்போதும் நாள் கணக்கில் இழுத்தது.

"அடுத்த ஞாயித்துக்கிழமைக்குள்ள முடிச்சுடுங்க. அன்னிக்கு என் மச்சான் முகத்தை நான் பின்பக்கக் கண்ணாடியில பார்க்கணும்."

மெக்கானிக் பானெட்டைத் தூக்கி, டார்ச் அடித்துக் குனிந்தார். குனிந்தவர் நிமிரவே இல்லை. வாத்தியார் வாசலுக்குப் போனார், வந்தார், மறுபடியும் போனார்.

"என்னங்க, முடியாதா?"

"இருங்க சார்."

அந்த நேரம் பார்த்துப் போன் மறுபடி அடித்தது. பதறி எடுத்ததில் அது கை நழுவிப் பானெட்டுக்குள் விழுந்தது.

மெக்கானிக் அதை எடுத்தார். திரையில் வாத்தியாரின் மனைவி சிரித்துக்கொண்டிருந்தாள். அந்தப் படத்தைப் பார்த்தார், இன்ஜினைப் பார்த்தார், கடைசியில் வாத்தியாரைப் பார்த்துக் குரலைத் தாழ்த்தினார்.

"போன வருஷமே இந்தம்மா பெரிய இன்ஜின் போட்டுட்டுப் போயிட்டாங்களே சார்."